ராஜமாணிக்கத்தின் முதல் கேஸ்

குழந்தைவேலுவின் கட்டைவிரலில் ஒரு சொட்டு ரத்தம் இருந்தது. இரண்டாவது சொட்டு வருவதற்குள் ஹெட்கிளார்க் ராஜமாணிக்கம் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டார்.

"அசையாதே!"

"நான் அசையலைங்க சார். பேக்கிங் பெட்டியை உடைக்கிறப்ப ஆணி கீறிடுச்சு. லேசாத்தான் பட்டிருக்கு."

"லேசா பலமான்னு தீர்மானிக்க வேண்டியவன் நான். நீ பேஷண்ட். பேஷண்ட் பேசக்கூடாது."

ஸ்டோர் கிளார்க் குழந்தைவேலு வாயை மூடிக்கொண்டு, கட்டைவிரலைத் தீபாராதனைத் தட்டு மாதிரி நீட்டியபடி நின்றான். ராஜமாணிக்கம் பூணூலில் கட்டியிருந்த சாவியை எடுத்து, சுவரோரம் இருந்த சிவப்புச் சிலுவை போட்ட பெட்டியைத் திறந்தார். நான்கு மாதத்தில் அது முதல் தடவையாக ஒரு காரியத்துக்காகத் திறந்தது. கீல் கிறீச்சிட்டது.

போர்ட் பிளேரில், மரைன் ஹில் சரிவில் இருந்த அந்த அரசாங்கச் சாமான் கிடங்குக்கு 1968 ஏப்ரலில் ஒரு சுற்றறிக்கை வந்திருந்தது. ஆபீஸுக்கு ஒருவர் ஐந்து நாள் முதலுதவிப் பயிற்சிக்கு வரவேண்டும் என்றார்கள். வெயிலுக்குப் பயந்து எல்லோரும் நழுவ, ராஜமாணிக்கம் போனார். போனபோது ஹெட்கிளார்க்காகப் போனவர், திரும்பும்போது பாதி டாக்டராகத் திரும்பினார். சர்டிபிகேட்டுக்குப் படாக் மரத்தில் சட்டம் போட்டு, தன் தலைக்கு நேர் மேலே மாட்டினார்.

அதற்குப் பிறகு அந்த ஆபீஸில் யாருக்கும் அடிபடவில்லை. அதாவது, அடிபட்டதாக யாரும் ஒப்புக்கொள்ளவில்லை.

காரணம் இருந்தது. பயிற்சி முடிந்து வந்த முதல் நாளே, பியூன் பக்கிரிசாமியை ஸ்டூலில் உட்காரவைத்து, தலைக்கட்டு போடுவது எப்படி என்று ராஜமாணிக்கம் எல்லோருக்கும் செய்து காட்டினார். கட்டுக்குள் பக்கிரிசாமியின் மூக்கும் போய்விட்டது. முடிச்சை அவிழ்க்க முடியாமல் கத்தரியால் வெட்டியபோது காது மடலில் கொஞ்சம் வெட்டு விழுந்தது. அந்தக் காதுக்குக் கட்டுப்போட ராஜமாணிக்கம் மறுபடி துணியை எடுக்க, பக்கிரிசாமி ஜன்னல் வழியாக இறங்கி ஓடிவிட்டான்.

அன்றிலிருந்து டைப்பிஸ்ட் தாஸ் பாபு, டைப்ரைட்டர் காலில் விழுந்தபோதுகூட சிரித்துக்கொண்டே வீட்டுக்கு நடந்து போனார். குளவி கொட்டி முகம் வீங்கிய பக்கிரிசாமி, பல்வலி என்று சாதித்தான்.

போன வாரம் மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. 'நான்கு மாதங்களாக முதலுதவிப் பதிவேடு காலியாக உள்ளதால், பெட்டியை வெள்ளிக்கிழமைக்குள் திருப்பி ஒப்படைக்கவும்.' அன்று முதல் ராஜமாணிக்கத்துக்குச் சோறு இறங்கவில்லை. இன்று செவ்வாய்க்கிழமை. இந்த நிலையில்தான் அந்த ஒரு சொட்டு ரத்தம், தானாக நடந்து அவர் மேஜைக்கு வந்திருந்தது.

"அரே படா பாபு, பானி சே தோ டாலோ!" என்றார் தாஸ் பாபு, மூலையில் இருந்த தண்ணீர்ப் பானையைக் காட்டி.

"தண்ணில கழுவச் சொல்றார் சாப்," என்றான் பக்கிரிசாமி, எட்ட நின்றபடி.

"எனக்கு இந்தி தெரியும். அவருக்கு முதலுதவி தெரியாது," என்றார் ராஜமாணிக்கம்.

அயோடின் புட்டியின் கார்க் திறக்கவில்லை. பல்லால் கடித்து இழுத்தார். திறந்த வேகத்தில் முக்கால் புட்டி குழந்தைவேலுவின் சட்டையிலும் மிச்சம் விரலிலும் விழுந்தது. குழந்தைவேலு "அம்மா!" என்று துள்ளியதில் அலமாரியின் கதவு நெற்றியில் இடித்தது.

"அதிர்ச்சி," என்று ராஜமாணிக்கம் தலையை ஆட்டிக்கொண்டார். "எதிர்பார்த்ததுதான். இப்போ ரத்தத்தை நிறுத்தணும்."

குழந்தைவேலு விரலைப் பார்த்தான். "நின்னுடுச்சுங்க சார்."

"நின்னுடுச்சா?" ராஜமாணிக்கத்தின் முகம் வாடியது. விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு பளிச்சென்று நிமிர்ந்தார். "வெளியே நின்னுடுச்சுன்னா என்ன அர்த்தம்? உள்ளே போகுதுன்னு அர்த்தம்!"

தாஸ் பாபு நெற்றியில் அடித்துக்கொண்டார்.

அவர் முக்கோணத் துணியைக் குழந்தைவேலுவின் மேல்கையில் சுற்றி, அதற்குள் மேஜையிலிருந்த ரூல்தடியைச் செருகி, கிணற்று ராட்டினம் மாதிரி நாலு சுற்று முறுக்கினார். கட்டிய நேரத்தை நோயாளியின் நெற்றியில் எழுதவேண்டும் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். காப்பி பென்சிலை நாக்கில் தொட்டு, அலமாரி இடித்த வீக்கத்தின் மேலேயே '10.40' என்று ஊதாவில் எழுதினார்.

"ஒவ்வொரு பத்து நிமிஷத்துக்கும் தளர்த்தணும். அதுதான் இதுல முக்கியம்," என்றார்.

அப்போது டெலிபோன் மணி அடித்தது. மின்னி பேயில் இருந்த கிளை ஆபீஸிலிருந்து யாரோ கயிற்றுச் சுருள் எத்தனை இருக்கிறது என்று கேட்டார்கள். ராஜமாணிக்கம் கயிற்றைப் பற்றி ஒரு வார்த்தையும், கேஸைப் பற்றி முப்பத்தைந்து நிமிஷமும் பேசினார். "ஆமாம், சீரியஸ்தான்… இல்லையில்லை, நான் ஒருத்தனே கவனிச்சுக்கறேன்… சர்டிபிகேட் எதுக்குக் கொடுத்திருக்கான்?"

திரும்பி வந்தபோது குழந்தைவேலுவின் கை, கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது.

"விஷம்!" என்று கத்தினார் ராஜமாணிக்கம். "ஆணி இல்லைய்யா இது! பெட்டிக்குள்ளே பூரான் இருந்திருக்கு! அந்தமான் பூரான்! ஒரு முழம் நீளம் இருக்கும்!"

"நான் ஆணியைப் பார்த்தேனே சார்."

"பார்த்தது ஆணி. கடிச்சது பூரான்."

தாஸ் பாபுவால் பொறுக்க முடியவில்லை. எழுந்து வந்து ரூல்தடியை உருவிப் போட்டார். கை மெதுவாக மனிதக் கையின் நிறத்துக்கு வந்தது. விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்த குழந்தைவேலுவின் முகத்தில் என்னவோ ஒரு கவலை படர்ந்தது.

"சரியாயிட்டுதுங்களா சார்?" என்று கேட்டான். "அவ்வளவுதானா? ஆஸ்பத்திரிக்கெல்லாம் போகவேண்டியிருக்காதா?"

"எப்படி இருக்கு கை?"

"எறும்பு ஓடற மாதிரி இருக்குங்க."

"நரம்பைப் பிடிச்சுடுச்சு!" என்றார் ராஜமாணிக்கம். "பக்கிரி, உப்பு கொண்டா. வயித்துல இருக்கிற விஷத்தை எடுக்கணும்."

"விரல்ல கடிச்சது வயித்துக்கு எப்படி சாப் போகும்?"

"ரத்தம் எங்கேடா போகுது? எல்லா இடத்துக்கும்தானே போகுது? போய்க் கொண்டா!"

பெரிய டம்ளரில் இரண்டு டம்ளர் உப்புத் தண்ணீர். போர்ட் பிளேரைச் சுற்றியிருக்கும் கடலில்கூட அவ்வளவு உப்பு கிடையாது. தாஸ் பாபு வேண்டாம் என்று கையைப் பிடித்தார். குழந்தைவேலு அந்தக் கையை விலக்கிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு மடமடவென்று குடித்தான். குடித்துவிட்டு, "இன்னும் ஒண்ணு குடிக்கட்டுமா சார்?" என்று கேட்டான். ராஜமாணிக்கத்தின் கண் கலங்கியது. இப்படி ஒரு பேஷண்ட் யாருக்குக் கிடைப்பான்?

மூன்றாவது டம்ளரில் எல்லாம் வெளியே வந்தது. காலையில் சாப்பிட்ட இட்லியும் அதோடு வந்தது. பூரான் விஷம் மட்டும் கண்ணில் படவில்லை. குழந்தைவேலு வெளிறிப்போய், நின்ற இடத்திலேயே தள்ளாடிச் சரிந்தான்.

இப்போது ராஜமாணிக்கத்துக்கே பயம் வந்துவிட்டது. பயம் வந்தால் சும்மா இருக்கலாம் என்று அந்தப் பயிற்சியில் யாரும் சொல்லித் தரவில்லை.

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும். பக்கிரி, ஜீப்பை வரச் சொல்லு!"

"ஜீப் கீழே ரோட்டுல நிக்குது சாப். மேலே ஏறாது. படியெல்லாம் பாசி. ஜரா இருங்க, நானும் தாஸ் பாபுவும் நாற்காலியில வெச்சுத் தூக்கிட்டு வர்றோம்."

"நாற்காலியா? ஒருத்தரை ஒருத்தரே தோள்ல தூக்கிட்டுப் போறதுக்கு முறை இருக்கு. தீயணைப்புக்காரங்க முறை. அதுல நான் வகுப்பிலேயே முதல்!"

வகுப்பில் அவர் தூக்கியது, வைக்கோல் அடைத்த ஒரு பொம்மையை. குழந்தைவேலு எழுபது கிலோ இருந்தான், அதிலும் சட்டை நிறைய அயோடின். இருந்தாலும் ராஜமாணிக்கம் அவனைத் தோளில் போட்டுக்கொண்டார். கதவைத் தாண்டினார். ஆகஸ்ட் மழையில் ஊறிய படிகளில் முதல் படியைத் தாண்டினார். இரண்டாவதையும் தாண்டினார்.

மீதிப் பதினாறு படிகளையும் இருவரும் சேர்ந்தே தாண்டினார்கள்.

கீழே வந்து சேர்ந்தபோது ராஜமாணிக்கத்துக்கு ஒரு கீறல்கூட இல்லை. அவர் விழுந்தது குழந்தைவேலுவின் மேல். குழந்தைவேலுவின் இடது பாதம் மட்டும், உடம்பு பார்த்த திசைக்கு நேர் எதிராகப் பார்த்துக்கொண்டிருந்தது.

"கட்டை, கட்டை கொண்டா! அசைக்காம வெச்சுக் கட்டணும்!" என்று ராஜமாணிக்கம் எழுந்திருக்கும்போதே கத்தினார்.

"தொட்டீங்கன்னா, என் நௌகரியே போனாலும் பரவாயில்லை, உங்களைக் கட்டையால அடிப்பேன் சாப்," என்றான் பக்கிரிசாமி. பதினேழு வருட சர்வீஸில் அவன் ஹெட்கிளார்க்கிடம் பேசிய மிக நீண்ட வாக்கியம் அதுதான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் முதலில் நெற்றியைப் பார்த்தார். "இது என்ன, 10.40?"

"கட்டுப் போட்ட நேரம் டாக்டர்."

"எதுக்குக் கட்டு?"

ராஜமாணிக்கம் கட்டைவிரலைக் காட்டினார். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு தேடினார். கீறல் எங்கே இருந்தது என்று இப்போது யாராலும் சொல்ல முடியவில்லை.

"சோப்புப் போட்டுக் கழுவி, ரெண்டு நிமிஷம் சுத்தமான துணியால அழுத்திப் பிடிச்சிருந்தா வேலை முடிஞ்சிருக்கும்," என்றார் டாக்டர். "அதை உங்க வீட்டுக் குழந்தைகூட செஞ்சிருக்கும்."

"நான் சர்டிபிகேட்…"

"அதைப் பத்திரமா வெச்சிருங்க. வெளியே எடுக்காதீங்க." டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தார். "கணுக்கால்ல ரெண்டு இடத்துல எலும்பு விட்டிருக்கு. ஆபரேஷன் பண்ணி ஸ்க்ரூ போடணும். இங்கே வசதி இல்லை. மெயின்லேண்டுக்குத்தான் அனுப்பணும். நாளைக்கு மத்தியானம் மெட்ராஸ் கப்பல் இருக்கு. நான் அவசர கேஸுன்னு எழுதித் தர்றேன். கூட ஒரு ஆளும் போகலாம்."

அன்று சாயங்காலம் ராஜமாணிக்கம் பதிவேட்டைத் திறந்தார். 'காயம்' என்ற இடத்தில் 'கட்டைவிரலில் கீறல்' என்று எழுதினார். 'முதலுதவிக்குப் பின் நிலை' என்ற இடத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. வெகுநேரம் யோசித்து, 'கட்டைவிரல் பூரண குணம்' என்று எழுதினார். எழுதியதை ஒரு தடவை படித்துவிட்டு, பதிவேட்டைச் சட்டென்று மூடினார். வீட்டுக்குப் போனதும் மனைவி சந்திரமதி, "என்ன, பேயறைஞ்ச மாதிரி இருக்கீங்க? தலைவலியா? வாங்க, மருந்து போடறேன்," என்றாள். "என்னைத் தொடாதே!" என்று அலறிக்கொண்டு போய்ப் படுத்துவிட்டார்.

மறுநாள் சாத்தாம் ஜெட்டியில் எள் போட்டால் விழ இடமில்லை. மூட்டையும் தகரப் பெட்டியுமாக ஜனங்கள் கப்பலை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசி வகுப்பான பங்க் கிளாஸில்கூட இடம் கிடைக்காதவர்கள் அங்கே பாதிப் பேர். அவர்களை விலக்கிக்கொண்டு, குழந்தைவேலு ஸ்ட்ரெச்சரில் ராஜா மாதிரி போனான். காலில் மாவுக்கட்டு. நெற்றியில் '10.40' இன்னும் அழியவில்லை. பக்கத்தில் அவன் மனைவி தங்கம், பட்டுப்புடவை கட்டி, பெரிய துணிமூட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தாள்.

ராஜமாணிக்கம் ஆறு ஆரஞ்சுப் பழங்களோடு கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தார். ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"குழந்தைவேலு, என்னை மன்னிச்சுடுப்பா," என்றார். பழங்களை ஸ்ட்ரெச்சரில் வைத்தார். "பெட்டியை இன்னைக்குக் காலையிலேயே திருப்பிக் கொடுத்துட்டேன். சர்டிபிகேட்டையும் கழட்டிட்டேன். இனிமே ஒரு ஈ எறும்புக்குக்கூட நான் முதலுதவி பண்ணமாட்டேன்."

குழந்தைவேலு முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டான். அவன் தோள் குலுங்கியது. வலியில் அழுகிறான் என்று நினைத்த ராஜமாணிக்கம், துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு தானும் விசும்ப ஆரம்பித்தார்.

தங்கம் சட்டென்று மூட்டையைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையாலும் அவரைக் கும்பிட்டாள்.

"அழாதீங்கண்ணே, திங்கக்கிழமை விழுப்புரத்துல, எங்க அம்மா வீட்டுல வளர்ற எங்க பொண்ணுக்குக் கல்யாணம்னு தந்தி வந்து அஞ்சு நாளா அலைஞ்சும் கப்பல்ல ஒரு டிக்கெட் கிடைக்கல, நாந்தான் இவரை, 'சின்னதா ஒரு கீறல் போட்டுக்கிட்டு உங்க ஹெட்கிளார்க்குகிட்ட போய் நில்லுய்யா, மெட்ராஸ் வரைக்கும் அவரே அனுப்பி வெச்சுடுவாரு'ன்னு சொல்லி அனுப்பினேன்!"