உலகம்மா காதில் சொன்ன எண்

"ஒரே நேரத்தில் இரண்டு பேர் வந்து நின்றால் என்ன செய்வாய்?" என்று நெடுங்கழி நாட்டின் மன்னர் விசயகண்டர் ஒருமுறை உலகம்மாவைக் கேட்டார்.

"ஒரே நேரம்னு ஒண்ணு கெடையாது மகாராசா. ஒருத்தர் முன்ன, ஒருத்தர் பின்ன. முன்ன வந்தவருக்கு நான் எண்ணைச் சொல்லி முடிக்கிற வரைக்கும் பின்ன வந்தவரு நிக்கணும். அது நீங்களா இருந்தாலும் நிக்கணும்."

மன்னர் சிரித்தார். அவர் சிரித்ததால் அவையும் சிரித்தது. ஆனால் அன்று முதல் உலகம்மாவை அவருக்குப் பிடிக்காமல் போயிற்று.

அந்த நாட்டில் மன்னரையும் மக்களே தேர்ந்தெடுப்பார்கள். தேர்ந்தெடுத்தபின் அவரிடம் பேச வாய்ப்புக் கிடைக்காது என்பதால், தேர்ந்தெடுக்கும் நாளைத் திருவிழாவாகக் கொண்டாடுவார்கள். வாக்கோ, வெள்ள நிவாரண அரிசியோ, மதகைத் தாண்டும் படகோ, எதை எண்ண வேண்டுமானாலும் உலகம்மாவிடம்தான் வருவார்கள். அவள் முன்பு மீன் ஏலம் விட்டவள். மூக்குப்பொடி போடுவாள். யாருக்கும் பயப்பட மாட்டாள். அவள் பதவிக்கு எண்ணுக்காரி என்று பெயர்.

எண்ணு மண்டபத்தில் அவள் முன்னே ஒரு கருங்கல் இருந்தது. வந்தவர் அந்தக் கல்லில் கைவைத்து, வந்த காரியத்தைச் சொல்ல வேண்டும். அவள் பழைய எண்ணை நினைத்து, ஒன்றைக் கூட்டி, புதிய எண்ணை அவர் காதில் மட்டும் சொல்வாள். மூன்றும் ஒரே மூச்சில் நடக்கும். அந்த மூச்சுக்கு நடுவே எவரும் நுழைய முடியாது. கேட்டவர் கையை எடுத்த பிறகுதான் அடுத்தவர் கைவைக்கலாம். இதைவிட நேர்த்தியான ஏற்பாட்டை நான் எந்த நாட்டிலும் கேள்விப்பட்டதில்லை.

அவள் எதையும் எழுதி வைக்கவில்லை. "எழுதினா அப்புறம் அதத் தேடணும். தேடுறதுக்குள்ள நாலு பேரு வந்துருவாங்க" என்பாள். அரிசி எண்ணிக்கை, படகு எண்ணிக்கை, உப்பு மூட்டை எண்ணிக்கை எல்லாம் அவள் தலைக்குள் தனித்தனியே நின்றன. வரிசையில் முண்டுகிறவனைத் திட்டிக்கொண்டே அடுத்த எண்ணைச் சரியாகச் சொல்வாள். அவள் எண்ணியதில் இரண்டு பேருக்கு ஒரே எண் விழுந்ததில்லை. ஒருவரும் விடுபட்டதுமில்லை.

ஒரு வெள்ளத்துக்குப் பிறகு, நிவாரண அரிசியின் முதல் படியை வாங்கி விழாவைத் தொடங்கிவைக்க மன்னர் வந்தார். கல்லில் ஏற்கெனவே ஒரு கை இருந்தது. படகு எண் கேட்டு வந்திருந்த, கீழ்க்கரையில் முடிதிருத்தும் குருந்தனின் கை அது. மன்னர் ஒரு மூச்சு நேரம் நின்றார். அன்று மாலையே தலைமை அமைச்சர் தாண்டவராயர் சட்டம் எழுதினார்.

"அரசே, ஒரு பெண்ணின் தலைக்குள் ஒரு நாடே வரிசையில் நிற்பது வளர்ச்சிக்கு அழகல்ல. எட்டு வாசல், எட்டு எழுத்தர், நடுவில் ஒரு பலகை. வேகம் எட்டு மடங்கு."

"பதினாறு வாசல் வைத்தால்?"

"தங்கள் தொலைநோக்கை எண்ணிக் கண் கலங்குகிறது அரசே. இப்போதைக்கு எட்டு."

புதிய முறை மறுநாளே நடைமுறைக்கு வந்தது. எழுத்தர் பலகைக்கு ஓடி எண்ணைப் படிப்பார். தன் வாசலுக்குத் திரும்பி, மன்னர் படத்தை வணங்கி, ஒன்றைக் கூட்டுவார். மறுபடியும் ஓடிப் பலகையை அழித்து எழுதுவார். அவர் வணங்கிக்கொண்டிருக்கும்போதே இன்னொரு வாசல் எழுத்தர் அதே பழைய எண்ணைப் படித்துவிட்டுப் போவார். இருவரும் ஒன்றைக் கூட்டி ஒரே எண்ணை எழுதுவார்கள். குருந்தனுக்கும் எண்ணெய் விற்கும் ரத்தினக்கிளிக்கும் ஒரே எண் கிடைத்தது.

பிழை ஏற்பட்டதாக அரசு ஒப்புக்கொள்ளவில்லை. ஆணை ஒன்று பிறப்பித்தது: ஒரே எண் பெற்ற இருவர் சட்டத்தின் முன் ஒருவரே. அவர்களுக்கு ஒரு படி அரிசி போதும்.

"நானும் இவரும் ஒரே ஆளா? இவருக்கு மீச இருக்கே ஐயா!" என்றாள் ரத்தினக்கிளி.

"சட்டத்துக்கு மீசை தெரியாது அம்மா."

"எம் பொண்டாட்டிக்குத் தெரியுமே சாமி. அவளுக்கு யாரு பதில் சொல்றது?" என்றான் குருந்தன்.

கீழ்க்கரையில் பாதிப் பேர் இப்படி மற்ற பாதிப் பேராக ஆனதும், அமைச்சர் இரண்டாவது சட்டம் கொண்டுவந்தார். பலகைக்கு ஒரு கதவு. கதவுக்கு ஒரே சாவி. சாவி வைத்திருப்பவர் மட்டுமே படித்து எழுதலாம். நல்ல சட்டம்தான். ஆனால் மூன்றாம் வாசல் எழுத்தர் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு மைத்துனர் கல்யாணத்துக்குப் போய்விட்டார். பூட்டை உடைப்பது குற்றமா என்று அவை விவாதித்தது. சாவி திரும்பும் வரை மக்களின் பசி ஒத்திவைக்கப்படுகிறது என்று பறையறைந்தார்கள். மழையில் நனைந்த அரிசி மூட்டைக்குள்ளேயே முளைவிட்டது.

பிறகு சத்தமில்லாமல் உலகம்மாவுக்கு ஆள் அனுப்பினார்கள். அவள் வந்தாள், பொடி போட்டாள், தும்மினாள், "ம், கைய வைங்க" என்றாள். பொழுது சாய்வதற்குள் மிச்சமிருந்த அரிசி போய்ச் சேர்ந்தது.

அந்த நிலையில்தான் தேர்தல் வந்தது. மன்னரை எதிர்த்து மதகுக் காவலர் இருளாண்டி நின்றார். மன்னர் வென்றால் கீழ்க்கரைக் குடிசைகளை அகற்றி யானைகள் அணிவகுக்கத் திடல் அமைப்பதாக அறிவித்திருந்தார். நாட்டில் யானை கிடையாது. திடல் அமைந்தால் வரும் என்றார்கள்.

கீழ்க்கரைக்காரர்கள் எல்லோருக்கும் பின்னால்தான் வாக்களிக்க வேண்டும் என்று ஆணை வந்தது. அவர்கள் காலையிலிருந்து வெயிலில் காத்து நின்று, கடைசியாக உள்ளே போனார்கள். ஒவ்வொருவரும் கல்லைத் தொட்டு ஒரு பெயரைச் சொன்னார்கள். அந்தப் பெயருக்கு அது எத்தனையாவது வாக்கு என்பதை உலகம்மா அவர்கள் காதில் சொன்னாள்.

மன்னருக்கு யார் பின்னாலும் நிற்கப் பிடிக்காது. ஆகவே எல்லோரும் போய் முடிந்த பிறகு அவர் தனியே வந்தார். கல்லைத் தொட்டுத் தன் பெயரைச் சொன்னார். உலகம்மா அவர் காதில் ஓர் எண்ணைச் சொன்னாள்.

வெளியே வந்த மன்னரின் முகத்தைத் தாண்டவராயர் பார்த்தார். முடிவை அறிவிக்க இன்னும் கொஞ்ச நேரமே இருந்தது.

"கணக்கு எங்கே எழுதப்பட்டிருக்கிறது அரசே?"

"எங்கும் இல்லை. அவள் தலையில்."

"அப்படியானால் தலையை நாடு கடத்தினால் போதும்."

காவலர்கள் உலகம்மாவைப் படகில் ஏற்றினார்கள். "பொடி டப்பாவ எடுத்துக்கிறேன், கையை விடுடா" என்றாள். படகு கழியைத் தாண்டி மறைந்ததும் அமைச்சர் மண்டபத்தின் படியில் நின்று அறிவித்தார். மன்னர் அவருக்குப் பின்னால் நாற்காலியில் அமர்ந்திருந்தார்.

"அருமைக் குடிமக்களே! எண்ணுக்காரி வெளிநாடு சென்றுவிட்டார். எண்ணிக்கையும் அவருடன் சென்றுவிட்டது. எண்ணிக்கை இல்லாத இடத்தில் மாற்றம் இல்லை. மன்னரே தொடர்வார். திடல் வேலை நாளை தொடங்கும்."

கீழ்க்கரைப் பெண்கள் சிலர் அழத் தொடங்கினார்கள். ரத்தினக்கிளி அழவில்லை. பக்கத்தில் நின்ற குருந்தனை இடித்தாள்.

"யோவ், உனக்கு என்ன எண்ணு சொன்னா?"

அவன் காவலர்களின் ஈட்டிகளைப் பார்த்தான். பிறகு மெல்லச் சொன்னான். "ரெண்டாயிரத்து நூத்திப் பதிமூணு."

"எனக்குப் பதினாலு."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ரத்தினக்கிளி கையைத் தூக்கினாள்.

"ஐயா! எண்ணிக்கை எங்கயும் போகல. இருளாண்டிக்கு ரெண்டாயிரத்து நூத்திப் பதினாலு. எங்காதுல இருக்கு."

"இதுக்கு மேல யாருக்காச்சும் சொன்னாளா?" என்று குருந்தன் கூட்டத்தைப் பார்த்துக் கத்தினான். மீன் ஏலத்தில் கேட்பதுபோல் மூன்று முறை கேட்டான். யாரும் கைதூக்கவில்லை.

"பொய்! யார் வேண்டுமானாலும் ஓர் எண்ணைச் சொல்லலாம்" என்றார் அமைச்சர்.

"சொல்ல முடியாது ஐயா. இவ பதினாலுன்னா பதிமூணு ஒருத்தன் இருக்கணும். நான் இருக்கேன். போன தடவ எங்க ரெண்டு பேரையும் ஒரே ஆளாக்கினீங்க. இப்ப இவ வேற, நான் வேற. பன்னெண்டு யாரு?"

பின்னாலிருந்து ஒரு வலைக்காரர் கைதூக்கினார். "பதினொண்ணு?" என்றதும் அவர் மருமகள் கைதூக்கினாள். அதற்குப் பிறகு கேட்கத் தேவையிருக்கவில்லை. கைகள் தாமாகவே எழுந்தன.

"மன்னருக்கு மூவாயிரம்!" என்று தாண்டவராயர் முழங்கினார்.

"ரொம்ப சந்தோசம்" என்றாள் ரத்தினக்கிளி. "அப்ப ரெண்டாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொம்பது யாரு? எந்திரிக்கச் சொல்லுங்க."

தாண்டவராயர் கூட்டத்தைப் பார்த்தார். மன்னரின் உறவினர்களைப் பார்த்தார். எட்டு எழுத்தர்களையும் பார்த்தார். அவர்களுக்கும் உலகம்மா ஆளுக்கோர் எண் சொல்லியிருந்தாள். அவர்கள் தரையைப் பார்த்தார்கள்.

"நீங்க ஏன் ஐயா செரமப்படணும்?" என்றான் குருந்தன். "மகாராசாதான் கடைசியா கல்லைத் தொட்டாரு. அவர் பேருக்கு விழுந்த மொத்தமும் அவர் காதுலதான் இருக்கு. அவரே சொல்லட்டும். நாங்க நம்புறோம்."

எல்லாத் தலைகளும் நாற்காலிப் பக்கம் திரும்பின. ஈட்டி பிடித்திருந்த காவலர்களும் திரும்பினார்கள். ஒரு மூச்சு நேரம் நாடே காத்து நின்றது.

மன்னர் விசயகண்டர் எழுந்தார். சால்வையைச் சரிசெய்துகொண்டார். படிகளில் இறங்கி, கூட்டம் விலகித் தந்த வழியில், அரண்மனைப் பக்கம் திரும்பாமல் நடந்து போனார்.