வலைவாடியில் இருபத்தேழு மான்கள்

குருநகர்,
14.12.2024, சனிக்கிழமை, காலை 7.25.

அன்புள்ள யோசப்பின் மாமிக்கு,

இன்று காலை 5.50க்கு, கடற்கரையில் வலை போட்டுவைக்கிற வாடிக்குள், ஆண்கள் ஐந்து பேர், ஊசி ஐந்து, மான் இருபத்தேழு. இரண்டு தரம் எண்ணினேன். ஐந்து பேரில் ஒருவர் உங்கள் அண்ணன், அதாவது என் அப்பா சிமியோன்.

முறைப்படி சுகம் விசாரித்துவிட்டுத்தான் இதைச் சொல்லியிருக்க வேண்டும், மன்னிக்கவும். நீங்களும் மாமாவும் பிள்ளைகளும் ஆண்டவர் கிருபையால் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அங்கே கனடாவில் பனி எத்தனை அங்குலம் என்று அம்மா கேட்கிறா. அம்மாவுக்குச் சுகம், ஆனால் கோபம். அப்பாவுக்கு இரத்த அழுத்தம் நேற்று 130க்கு 80. இனி எனக்குத்தான் அளக்கவேண்டும். இதைக் குரல் பதிவாக அனுப்பினால் பாதி கேட்டுவிட்டு ஒரு இருதயப் படம் போட்டுவிட்டுப் போய்விடுவீர்கள். அதனால் தாளில் எழுதிப் படமெடுத்து அனுப்புகிறேன். முழுவதையும் வாசியுங்கோ.

பிழை உங்களில்தான் தொடங்கியது. ஒக்ரோபரில் நீங்கள் அனுப்பிய பெட்டியில் சொக்கிளேற்றுக்கும் சவர்க்காரத்துக்கும் நடுவே ஆறு துணி இருந்தது. கிறிஸ்மஸ் பனல் என்று எழுதியிருந்தீர்கள். ஒவ்வொன்றிலும் மான் ஒன்பது, பனிவீடு, சிறகு வைத்த சம்மனசு என்று படம் போட்டு, ஒரு நத்தார் மேசைக்கு வேண்டிய முழுச் சாமானும் அச்சடித்திருக்கிறது: மேசை நடுவே போடும் நீள விரிப்பு ஒன்று, கோப்பைக்குக் கீழே வைக்கும் சிறு விரிப்பு நாலு, சூட்டுச் சட்டி இறக்கும் கையுறை ஒரு சோடி. கோட்டில் வெட்டி, அடியில் ஒரு துணியும் நடுவில் பஞ்சுத் தட்டும் வைத்து, மூன்று அடுக்கும் விலகாமல் கட்டம் கட்டமாகத் தைக்கவேண்டும். 22ஆம் திகதி உங்கள் சம்பந்தி வீட்டாரோடு வந்து இறங்குவீர்கள், நத்தார்ச் சாப்பாடு எங்கள் வீட்டில்தான், மேசை இந்தத் துணியில் இருக்கவேண்டும் என்பது உங்கள் கட்டளை. ஒரு மேசைக்கு ஆறு துணி எதற்கு என்று அப்போதே கேட்டேன். மிச்சத்தை ஆருக்கும் குடுங்கோ என்றீர்கள்.

ஆனால் இந்த வீட்டின் உண்மையான பிரச்சினை துணி இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். ஜூலையில் அப்பாவின் இருதயக் குழாயில் ஸ்ரென்ற் வைத்த வைத்தியர், இனிக் கடலுக்குப் போகக்கூடாது என்று என் முன்னால் சொன்னார். அதை அப்பா ஐந்து மாதத்துக்கான சொல்லாக எடுத்துக்கொண்டிருக்கிறார். வருகிற திங்கட்கிழமை, 16ஆம் திகதி, தன் தொழில் கூட்டாளி கிறிஸ்ரோபர் அண்ணையோடு படகேறப் போவதாக ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டார். நான் படகு இயந்திரம் திருத்துகிறவன். சத்தத்தை வைத்தே எது பழுது என்று சொல்லுவேன். ஒரு மனுசனை எப்படிக் கரையில் நிறுத்துவது என்று எந்தக் கைநூலிலும் போடவில்லை.

இனித் துணிக் கதை. முதல் துணியை அம்மா வெட்டவே இல்லை, படத்தோடு வந்த சீலை என்று நினைத்து நாலு ஓரமும் மடித்துத் தைத்து அறை வாசலில் தொங்கவிட்டா, இப்போது எங்கள் வீட்டுக் கதவுச் சீலையில் கையுறை ரெண்டு வானத்தைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டு நிற்கிறது, வருகிறவர்கள் எல்லாம் இது எந்தப் புனிதருடைய கை என்று கேட்கிறார்கள். சரி, இனி நானே பொறுப்பு என்று சொல்லி இரண்டாவது துணியை எடுத்தேன், வழிமுறைத் தாளை வாசித்தேன், கோட்டில் மில்லிமீற்றர் பிசகாமல் வெட்டினேன், பஞ்சுத் தட்டுக்கு ரவுணில் மூன்று கடை ஏறினேன், மூன்றிலும் தலையணைப் பஞ்சைக் காட்டினார்கள், அதனால் வீட்டில் கிடந்த அப்பாவின் பழைய மிதவை அங்கியைப் பிரித்து உள்ளே இருந்த நுரைத் தட்டை எடுத்து வைத்தேன். பாரமில்லை, ஒரே தடிப்பு, வெட்டச் சுகம், என் கணக்கு அப்படி. அம்மா கையுறையைப் போட்டுக்கொண்டு விளைமீன் குழம்புச் சட்டியை இறக்கினா. நாற்பது செக்கனில் நுரை உருகிக் கையுறை சட்டியோடு ஒட்டிவிட்டது, அம்மா கையை உருவ, சட்டி சரிய, குழம்பு முழுவதும் குசினி நிலத்தில். என் பிழைதான், மறைக்கவில்லை. சத்தம் கேட்டு வந்த அப்பா குழம்பையும் பார்த்தார், அங்கியின் வெறும் கூட்டையும் பார்த்தார்.

“என்ரை மிதவையை வெட்டிப்போட்டு, கடலிலை ஆபத்து எண்டு எனக்குப் படிப்பிக்கிறாய்,” என்றார். “நல்ல படிப்பு.”

மூன்றாவது துணிக்கு நுரையை விட்டுவிட்டுப் பழைய பருத்திப் போர்வை. அது சரிவந்தது. ஆனால் அம்மாவின் மிசினில் மூன்று அடுக்கும் ஒரே வேகத்தில் ஓடவில்லை, அடித்துணி முந்த மேல்துணி பிந்த, பனிவீடு ஒரு பக்கம் சரிந்து, சம்மனசின் கழுத்து மடிப்புக்குள் போய்விட்டது. நான் பக்கத்தில் நின்று அழுத்தத்தைக் குறையுங்கோ, நூலைத் தளர்த்துங்கோ என்று சொல்லிக்கொண்டிருந்தேன். உதவிதான் செய்தேன். அம்மா எழும்பிவிட்டா.

“இந்தா, நீயே இரு. உன்ரை இஞ்சினுக்கு நான் வந்து புத்தி சொல்லுறனானோ? மச்சாள் வரேக்கை வெறும் மேசையிலை சாப்பிடட்டும்.”

இது வியாழக்கிழமை. மிச்ச மூன்று துணியும் போர்வைத் துண்டும் கதிரையில் கிடந்தன. வெள்ளிக்கிழமை பார்த்தால் கதிரை வெறுமை. அம்மா கோபத்தில் பூட்டி வைத்துவிட்டா என்று நினைத்தேன்.

இன்று காலை 5.30க்கு எழும்பினால் அப்பாவின் பாய் சுருட்டிக் கிடக்கிறது, ஆளில்லை. திங்கள் என்று சொல்லிப்போட்டுச் சனிக்கே போய்விட்டார் என்றுதான் நினைத்தேன், மாமி. உடுத்த சாரத்தோடு ஓடினேன். படகு கரையில் நின்றது. வாடிக்குள் வெளிச்சம். வலை மீதே குந்தியிருக்கிறார்கள் ஐந்து பேர். ஒவ்வொருவர் மடியிலும் நத்தார்.

கிறிஸ்ரோபர் அண்ணை ஒரு படத்தின் வயிற்றில் ஊசியைக் குத்தியபடி கேட்கிறார்: “உவன் ஆரடாப்பா, மூண்டு உருண்டையை அடுக்கின மாதிரி? காலுமில்லை.”

“பனியிலை செய்யிற பொம்மை,” இது வயதான கிறகோரி அப்பு. “கனடாவிலை முத்தத்திலை வைப்பினம். வெயில் எறிச்சா முடிஞ்சான்.”

“அப்ப குருநகரிலை அவனுக்குக் கால் மணித்தியாலம்.”

அப்பா தலை நிமிரவில்லை. “வாயைக் குறைச்சுக் கையைப் பாருங்கோ. கிறிஸ்ரோபர், உன்ரை கட்டம் பெருத்துப் போச்சு. பிரிச்சுத் தை.”

உங்கள் அண்ணன் வலைக்கு அளக்கிற மாதிரி இரண்டு விரலை வைத்து வைத்துக் கட்டம் போடுகிறார். அளவுகோல் இல்லை, பென்சில் கோடு இல்லை. நான் இயந்திரம் திருத்துகிற என் கடைக்குப் போய் வேர்னியர் அளவியை எடுத்துவந்து பதினாறு கட்டம் அளந்தேன். வித்தியாசம் அரை மில்லிமீற்றரும் இல்லை. துணி ஓரிடத்திலும் சுருங்கவில்லை. அளவியை மடியில் செருகிவிட்டு, வேறு பிழை பிடிக்க நீள விரிப்பைத் தூக்கினேன். கனத்தது. ஓரம் நெடுகச் சாண் தூரத்துக்கு ஒன்றாக, வலையின் அடிக்கயிற்றுக்குப் போடுகிற ஈயக் குண்டை மடிப்புக்குள் வைத்துத் தைத்திருக்கிறார்.

“அப்பா, உது ஈயம். நஞ்சு. சாப்பாட்டு மேசை.”

“வாடைக் காத்துக்கு மேசைச் சீலை சும்மா நிக்குமோ? போன நத்தாருக்குப் பறந்து சோத்துக்குள்ளை விழுந்தது.”

“அதுக்கு ஈயமோ?”

“இருபத்தாறு வருசமா உந்த ஈயத்தாலை பிடிச்ச மீனைத் திண்டுதான், அது நஞ்செண்டு சொல்ல நீ படிச்சனீ.”

மற்ற நாலு பேரும் சிரித்தார்கள். அதோடு விட்டார்களா, இல்லை. கையுறையின் வாயை அப்பா, போன மீன் திரும்பி வராத மீன்கூட்டின் வாயைப் போல உள்ளுக்கு ஒடுக்கித் தைத்திருக்கிறார், கழலக்கூடாதாம். கிறிஸ்ரோபர் அண்ணை கையை விட்டுப் பார்த்தார். போனது. வரவில்லை. எண்ணெய் பூசியும் வரவில்லை. “மீனெண்டா இப்ப ஐஸ் போட்டிருப்பம்,” என்றார் கிறகோரி அப்பு. வெட்டுவோம் என்றால் அப்பா விடவில்லை, தையல் பழுதாகுமாம். இதை நான் எழுதும்போதும் அந்த மனுசன் கையில் நத்தார் தாத்தாவோடுதான் சந்தையில் மீன் ஏலம் கூறுகிறார்.

வெளியே வரும்போது நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். “அப்ப திங்கக்கிழமை?”

“திங்கள் திங்கள்தான்,” என்றார்.

ஆக, நடந்தது என்ன? துணி போனது, வீட்டில் மரியாதை போனது, மனுசன் கடலுக்குப் போவதும் நிற்கவில்லை. அம்மாவிடம் சொன்னேன். அம்மா அரிவாளைக் கீழே வைத்தா. பிறகு, “முப்பத்தொரு வருசத்திலை எனக்கு ஒரு பொத்தான் தைச்சுத் தந்ததில்லை. மானுக்குத் தைக்கிறாராமோ,” என்றா. இன்று அப்பாவின் தேநீரை அம்மா மூடி வைக்கவில்லை, ஆறட்டும் என்று விட்டுவிட்டா.

நேராகச் சொல்கிறேன், மாமி. நாளைக்குப் பூசை முடிய அந்த மூன்று துணியையும் வாடியிலிருந்து எடுத்து, ஈயத்தைக் கழற்றி, மிச்சத்தை வெப்பப் பசையால் ஒட்டிவிடுவேன். நீங்கள் இனி ஒரு துணியும் அனுப்பவேண்டாம், கொண்டுவரவும் வேண்டாம். உங்களால் முடிந்தால் ஞாயிறு பின்னேரம் அப்பாவுக்கு அழைத்து, தங்கச்சி என்ற முறையில் அழுதாவது மறியுங்கோ. எனக்கு அழ வராது, சண்டைதான் வரும், அதால் இதுவரைக்கும் ஒரு பிரயோசனமும் இல்லை.

மாமாவுக்கு என் வணக்கம், சின்னவர்களுக்கு முத்தம். உங்கள் பயணத்துக்கு அந்தோனியார் துணை, பெட்டிகளுக்கும் சேர்த்து.

இப்படிக்கு,
உங்கள் மருமகன்,
றஞ்சித்

பி.கு.: 16.12.2024, திங்கட்கிழமை, காலை 6.15. கோபத்தில் எழுதியதை இரண்டு நாள் ஆறவைத்து அனுப்பு என்று அம்மா சொன்னதால் இதை இன்னும் அனுப்பவில்லை. நேற்றுப் பூசைக்குப் பிறகு துணியை எடுக்கப் போனேன். ஐந்து பேரும் பூசை உடுப்போடு அதன்மேல் இருந்தார்கள். எடுக்க முடியவில்லை. இன்று 4.00 மணிக்கே மறிப்பதற்காகக் கரைக்குப் போய் நின்றேன். படகைத் தள்ளிவிட்டு, “சிமியோன் அண்ணை, ஏறுங்கோவன்,” என்று கிறிஸ்ரோபர் அண்ணை கூப்பிட்டார். அப்பா வாடி வாசலில் நின்றார். “இன்னும் ஒண்டரைத் துணி கிடக்கு. யோசப்பின் ஞாயிறு வந்திடுவாள். நீ போட்டு வா,” என்றார். இயந்திரச் சத்தம் கேட்காமல் போகுமட்டும் நின்றார், பிறகு உள்ளே போய் லைற்றைப் போட்டார். நான் வீட்டுக்கு வந்து இந்தத் தாளை எடுத்தேன். ஆகையால் மேலே எழுதிய எல்லாவற்றையும் விடுங்கோ. நான் இனிச் செய்யப்போவது:

1. அந்தத் துணியில் கை வைக்கமாட்டேன். பசையும் இல்லை, அளவியும் இல்லை.

2. ஈயத்துக்குப் பதிலாக அதே பாரத்தில், போல்ற்றுக்குப் போடுகிற துருப்பிடிக்காத உருக்குச் சுரைகள் கொண்டுபோய் வைப்பேன். அப்பா ஏசுவார். ஏசட்டும்.

3. அம்மாவை வாடிக்குக் கூட்டிக்கொண்டு போவேன். கையுறையின் வாயைத் திருத்த அம்மாவால்தான் முடியும். போகும் வழியில் பொத்தான் கதையை எடுக்கவேண்டாம் என்று கேட்பேன். எடுப்பா.

4. உங்கள் பெட்டியில் சொக்கிளேற்றைக் குறைத்துத் துணி போடுங்கோ. இருபதுக்குக் குறையாமல். நத்தார் முடிந்தால் 26ஆம் திகதி மனுசன் திரும்பவும் கடலைப் பார்ப்பார். உயிர்த்த ஞாயிறுக்கும் அங்கே இப்படி விற்பார்களாம், முயலோ முட்டையோ எந்தப் படம் என்றாலும் பரவாயில்லை.

5. உயிர்த்த ஞாயிறு ஏப்ரல் 20. அதற்குப் பிறகு என்ன செய்வது என்று எனக்குத் தெரியாது. யோசிக்கிறேன். நீங்களும் யோசியுங்கோ.