சாம்பல் ஜோடிக்குப் பழுப்புக் குஞ்சு

அன்று காலை ஒரு சபதம் எடுத்தேன். என் மனைவி இனி எதிர் வீட்டு பால்கனியைப் பார்த்து 'அழகு' என்று சொல்லக் கூடாது. சொல்வதாக இருந்தால் எங்கள் பால்கனியைப் பார்த்துச் சொல்லட்டும்.

எதிர் வீட்டில் ஒரு பல் டாக்டர். தனிக்கட்டை. அவரும் ஃபிஞ்ச் குருவி வளர்க்கிறார், நானும் வளர்க்கிறேன். என்னுடையவை சாம்பல். அவருடையவை பழுப்பு, தேன் விட்ட பால் மாதிரி. நான் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். ஊரார் பார்வையையெல்லாம் சரிசெய்கிறேன். வீட்டில் இருப்பவளின் பார்வை மட்டும் எதிர் பால்கனியிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. வயிறு எரியாதா? எரிந்தது. இதில் மறைக்க என்ன இருக்கிறது.

"அந்த ஆணைப் பாருங்களேன், என்ன கம்பீரம்" என்றாள்.

"எந்த ஆணை?"

"குருவியைத்தாங்க சொல்றேன்."

"நம்மகிட்டயும் ஆண் இருக்கு."

"இருக்கு. சாம்பலா இருக்கு."

அதற்குமேல் பொறுக்கவில்லை. என் வீட்டிலேயே பழுப்புக் குஞ்சு பொரிக்க வைப்பது என்று முடிவு செய்து டாக்டரிடம் போனேன். மனைவியும் கூடவே வந்தாள். மனிதர் பெருந்தன்மையாலேயே என்னைக் கொன்றார்.

"ஒண்ணு எடுத்துக்கோங்க சார். ஆணோ பெண்ணோ, உங்க இஷ்டம்."

"ஆணையே எடுங்க. அது வந்தா வீடே நிறைஞ்சுடும்" என்றாள் மனைவி.

எனக்குச் சுருக்கென்றது. டாக்டர் வீட்டு ஆம்பிளை, கன்னத்தில் செம்மையும் உடம்பெல்லாம் கம்பீரமுமாக, என் வீட்டில் வந்து உட்காருவதா?

"பெண்ணைக் குடுங்க" என்றேன்.

டாக்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மனைவி லேசாகத் தலையசைத்தாள். ஊரார் வாயைத் திறக்கச் சொல்லியே பிழைக்கிறவர், தன் வாயைக் கப்பென்று மூடிக்கொண்டார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். பொறாமை கண்ணை மறைத்தது. அதற்கு என் கடையில் கண்ணாடி கிடையாது.

என் சாம்பல் ஆணின் பழைய ஜோடியைத் தனிக் கூண்டில் ஒதுக்கிவிட்டு, புதுப் பழுப்புப் பெண்ணை அந்த ஆணோடு சேர்த்தேன். முட்டையிட்டது, அடைகாத்தது, குஞ்சு பொரித்தது. குஞ்சுகளுக்கு இறகு முளைக்க முளைக்க என் முகம் சுருங்கிக்கொண்டே போனது. அத்தனையும் சாம்பல். ஒன்றுகூட அம்மாவைப் போல இல்லை.

"டாக்டர் ஏமாத்திட்டான். ஒண்ணுக்கும் உதவாத குருவியை என் தலையில கட்டிட்டான்."

"போகட்டும் விடுங்க. இந்தச் சாம்பலையெல்லாம் வச்சுக்கிட்டு நீங்க என்ன செய்யப்போறீங்க? எனக்குக் குடுத்துடுங்க."

"அள்ளிக்கோ. ஒதுக்கி வச்சிருக்கேனே பழைய பெண்ணு, அதையும் சேர்த்து எடுத்துக்கோ."

குஞ்சுகளில் ஓர் ஆண் வளர்ந்ததும் அதற்கும் அந்தப் பழைய சாம்பல் பெண்ணுக்கும் ஜோடி போட்டு, சமையலறை ஜன்னலில் கூண்டை மாட்டினாள். நான் அந்தப் பக்கமே திரும்பவில்லை. பல மாதம் கழித்து ஒருநாள், தண்ணீர் குடிக்கப் போனவன் குடிக்காமல் நின்றேன்.

அப்பன் சாம்பல். ஆத்தாள் சாம்பல். நடுவில் உட்கார்ந்திருந்த பிள்ளை பழுப்பு. யார் ஜாடை என்று எனக்குத் தெரியாதா?

"உன் டாக்டர் வீட்டு ஆண் இங்க வந்து போயிருக்கு."

"என் டாக்டரா?"

"பேச்சை மாத்தாதே. கூண்டைத் திறந்துவிட்டது யாரு?"

"யாரும் திறக்கலை. நீங்க வாங்கிட்டு வந்தீங்களே பழுப்புப் பெண்ணு, அதோட பேத்திதாங்க இது. அதுக்குப் பிறந்த பசங்க பார்க்கச் சாம்பலா இருந்தாலும், உள்ளுக்குள்ள அந்த நிறத்தை ஒளிச்சு வச்சிருப்பானுங்க. அவனுங்களுக்குப் பெண்ணு பிறந்தா, சிலது பழுப்பா வரும்."

"இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?"

"பால்கனியில நின்னு டாக்டர்கிட்ட வேற எதைப் பேசிக்கிட்டிருந்தேன்னு நினைச்சீங்க?"

"அப்போ நான் ஆணை எடுத்திருந்தா?"

"முதல் தடவையே பெண்ணெல்லாம் பழுப்பா வந்திருக்கும். நீங்க தெருவையே கூட்டிக் காட்டியிருப்பீங்க. எனக்குன்னு ஒரு குருவியாவது விட்டிருப்பீங்களா?"

"பின்ன ஏன் ஆணை எடுக்கச் சொன்னே?"

"நீங்க பெண்ணை எடுக்கணும்னுதான்."

சொல்லிவிட்டுக் குஞ்சைப் பார்த்து "என்ன அழகு" என்றாள். என் வீட்டில், என் காது கேட்க, அவள் குருவியைப் பார்த்து. நொந்துபோனேன். இனி இவள் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு பேசுவதில்லை, இவளிடம் ஏமாறுவதுமில்லை என்று அங்கேயே தீர்மானித்தேன்.

"கூண்டுங்கதான் நாத்தம் அடிக்குது. நீங்க கழுவ வேணாங்க, உங்களுக்கு அதெல்லாம் வராது. டாக்டர் இப்போ வருவார். அவருக்குக் கை ரொம்ப சுத்தம்."

அழைப்பு மணி அடித்தபோது நான் மூன்றாவது கூண்டைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். சோப்பு நுரை சொட்டும் கையோடு போய்க் கதவைத் திறந்து, வாசலை அடைத்துக்கொண்டு நின்றேன்.

"நீங்க ஒண்ணும் கழுவ வேணாம் சார். இந்த வீட்டுல அது என் வேலை."

டாக்டர் விழித்தார். "எதைக் கழுவணும் சார்? கொஞ்சம் தினை கேட்டாங்க, அதைக் குடுத்துட்டுப் போகலாம்னு வந்தேன்."