ஹாரன்காரர் நிறுத்திவைத்த கச்சேரி

நாமக்கல் மாவட்டத்தில் அவரைப்போலக் கோபப்படத் தெரிந்த இன்னொரு மனிதர் கிடையாது. கோபக்காரர்கள் எல்லா ஊரிலும் உண்டு. சம்பந்தியிடம் கோபம், மேனேஜரிடம் கோபம், பக்கத்து நிலத்துக்காரரிடம் கோபம் என்று அவரவர் வசதிக்கு ஏற்ப வைத்திருப்பார்கள். ஹாரன்காரரின் கோபம் அந்த ரகம் அல்ல. உலகத்தில் எந்த மூலையில் சுருதி தப்பினாலும், யாரோ தன் வீட்டுக் கதவை எட்டி உதைத்துவிட்டதாக எடுத்துக்கொள்வார்.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று ஆதார் அட்டையில் இருக்கக்கூடும். பதினான்கு வருஷப் பழக்கத்தில் நான் அதைக் கேட்டதில்லை. பைபாஸ் சாலையில் லாரிகளுக்கு ஹாரனும் லைட்டும் வயரிங்கும் போட்டுக் கொடுக்கிற கடை அவருடையது. சுவரை ஒட்டி எங்கள் லாரி புக்கிங் ஆபீஸ். அங்கே நான் குமாஸ்தா.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அவரோடு சண்டைக்குப் போனேன். நாக்பூர் பார்ட்டியுடன் போனில் பேசிக்கொண்டிருந்தபோது சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு ஏர் ஹாரன் அலறியது. கையிலிருந்த போன் தம்ளருக்குள் விழுந்தது. தம்ளரில் டீ இருந்தது. ஒரு கை பார்த்துவிடுவது என்று எழுந்து போனேன். நான் வாயைத் திறப்பதற்கு முன் அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"கேட்டீங்களா? கேட்டீங்களா அந்தக் கொடுமைய? ரெண்டு கொழாய்ல ஒண்ணு அரைச் சுதி கம்மியா ஊதுது! கம்பெனிக்காரன் நம்மளப் பத்தி என்னதான் நெனச்சுட்டு இருக்கறான்?"

கண்ணில் நிஜமாகவே தண்ணீர். என் கோபம் அவருடைய கோபத்தின் முன்னால் நிற்க வெட்கப்பட்டுத் திரும்பி வந்துவிட்டது.

மல்லசமுத்திரத்திலிருந்து ஒருவர் புது லாரி வாங்கி, சினிமாப் பாட்டு பாடுகிற ஹாரன் வேண்டும் என்று வந்தார். ஹாரன்காரர் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏனுங்க, ஹாரன்னா என்னங்க? உசுரு போயிரும், தள்ளி நில்லுன்னு சொல்றது. அதைப் பாட்டாப் பாடுனா, சாகப்போறவன் நின்னு ரசிச்சுட்டு இருப்பானுங்களா?"

வந்தவர் வண்டியைத் திருப்பிக்கொண்டு வேறு கடைக்குப் போனார். ஹாரன்காரர் அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. வியாபாரம் போன வருத்தம் இல்லை. அந்த லாரி சாலையில் பாடிக்கொண்டே போகுமே என்ற வருத்தம்.

இப்படிப்பட்டவருக்கு எப்படியோ ராக் இசைப் பைத்தியம் பிடித்திருந்தது. பழைய கதை அது. அசாமிலிருந்து லோடு ஏற்றி வந்த ஒரு டிரைவர், டேப் ரிக்கார்டரைப் பழுது பார்க்கக் கொடுத்துவிட்டுத் திரும்பி வரவேயில்லை. உள்ளே பெயர் எழுதாத ஒரு கேசட் இருந்தது. கித்தார், டிரம்ஸ், ஆங்கிலத்தில் ஒருவனின் கத்தல். ஹாரன்காரருக்கு இங்கிலீஷில் 'பிரேக்', 'பேட்டரி' தாண்டி ஒன்றும் தெரியாது.

"என்ன பாடறான்னு தெரியுங்களாண்ணா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"தெரியாதுங்க. ஆனாக் கோவமா இருக்கறான்."

"யார் மேல?"

"அது அவன் பிரச்சினைங்க. நியாயமான கோவம், அது தெரியுது. பொய்க் கோவமா இருந்தா சுதியில காட்டிக் கொடுத்துரும்."

அதன் பிறகு அவர் தேடித் தேடிக் கேட்டார். சென்னைக் குழு ஒன்றின் கித்தார்காரர் அவருக்குத் தெய்வம். அந்தக் குழு கலைந்தபோது கடைக்கு இரண்டு நாள் லீவு விட்டார். நம் பகுதியில் இருக்கிற ராக் ரசிகர்கள் எல்லாம் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு நடத்துகிறார்கள். பெரும்பாலும் காலேஜ் பிள்ளைகள். ஹாரன்காரர் அதில் உண்டு, நானும் உண்டு. அவருக்கு டைப் செய்ய வராது. குரல் பதிவுதான் அனுப்புவார். ஒவ்வொன்றும் நாலு நிமிஷம். அத்தனையும் திட்டு. முகம் பார்த்ததில்லை என்றாலும் அந்தக் குரலைக் குழுவில் எல்லோருக்கும் தெரியும்.

போன வருஷம் அந்தக் குழுவில்தான் செய்தி வந்தது. திருச்செங்கோடு சாலையில் இருக்கிற ஒரு பொறியியல் கல்லூரியின் விழாவுக்கு ஒரு 'சூப்பர் குரூப்' வருகிறதாம். நாலு ஊர், நாலு புகழ்பெற்ற குழுக்கள், அவற்றிலிருந்து குழுவுக்கு ஒருவராக ஒரே மேடையில். கித்தாருக்கு, கலைந்துபோன அந்தச் சென்னைக் குழுவின் ஆள், நம் ஹாரன்காரரின் தெய்வம்.

"சூப்பர் குரூப்புன்னா என்னங்கண்ணா?"

"நாலு பாடி பில்டிங் பட்டறையில இருக்கற நாலு பெரிய மேஸ்திரிங்களக் கூட்டியாந்து ஒரே லாரிக்குப் பாடி கட்டச் சொன்னா எப்படி இருக்கும்?"

"அடிச்சுக்குவாங்க."

"அந்தச் சண்டைதானுங்க பாட்டு!" என்று துள்ளினார்.

கல்லூரிப் பேருந்துகளுக்கெல்லாம் ஹாரன் போட்டவர் என்பதால் அவருக்கு மூன்று பாஸ் கிடைத்தது. அவர், நான், அண்ணி. அண்ணி என்றால் அவர் மனைவி. காதுக்குப் பஞ்சும், கைப்பையில் முறுக்கும் எடுத்துக்கொண்டு வந்தார்.

இரண்டு மணிக்குக் கச்சேரி என்று பாஸில் போட்டிருந்தது. இரண்டு மணிக்கு மைதானத்தில் வெயில் மட்டும் குறித்த நேரத்துக்கு வந்திருந்தது. முன்வரிசை முழுக்கச் சோபா. அதில் உட்கார்ந்திருந்தவர்கள் ராக் என்றால் பாறை என்று நினைக்கக்கூடிய பிரமுகர்கள். ஆயிரக்கணக்கான பிள்ளைகள் மூங்கில் தடுப்புக்குப் பின்னால் வதங்கிக்கொண்டிருந்தார்கள். குத்துவிளக்கு காற்றில் பற்றவில்லை. ஒன்பது பேர் மாறி மாறித் தீக்குச்சி கிழித்தார்கள். பிறகு ஒன்பது பேரும் மாறி மாறிப் பேசினார்கள். ஒருவர் ஒழுக்கத்தைப் பற்றிப் பேசினார். ஒருவர் தன்னைப் பற்றிப் பேசினார். எனக்கே ரத்தம் கொதித்தது என்றால் பக்கத்தில் இருந்தவர் நிலைமையை யோசித்துக்கொள்ளுங்கள்.

நாலேகால் மணிக்குச் சூப்பர் குரூப் மேடைக்கு வந்தது. தெய்வம் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தது. மைக்கைப் பிடித்து முழங்கியது:

"ஹலோ கோயம்புத்தூர்!"

ஹாரன்காரர் நாற்காலி மேல் ஏறிவிட்டார். "நாமக்கல்லுங்க! நா... ம... க்கல்!"

மேடைக்குக் கேட்கவில்லை. அடுத்த அதிர்ச்சி, போஸ்டரில் இருந்த டிரம்ஸ்காரரைக் காணோம். அவருக்கு உடம்பு சரியில்லையாம். பதிலுக்குப் பெங்களூரிலிருந்து ஒரு பெண். இருபத்திரண்டு வயதுகூட இருக்காது. ஒல்லிக் குச்சி. டிரம்ஸுக்குப் பின்னால் அவள் தலை மட்டும் தெரிந்தது.

"போஸ்டர்ல ஒரு ஆளு, மேடையில ஒரு ஆளு! சாம்பிள் ஒண்ணு காட்டிட்டு லோடு வேற எறக்கறானுங்க!" என்றார். அண்ணி முறுக்கை நீட்டினார். வாங்கிக் கடித்தபடியே கோபப்பட்டார்.

முதல் மூன்று பாட்டும் அக்கிரமம். நான் இசை தெரியாதவன், எனக்கே தெரிந்தது. பாடகர் இரண்டு வரி பாடுவார், மூன்றாவது வரிக்கு மைக்கைக் கூட்டத்தை நோக்கி நீட்டிவிடுவார். "நாமளே பாடறதுன்னா ஊட்லயே பாடிக்கலாமே, இவன எதுக்குக் கூப்புட்டாங்க?" என்று ஹாரன்காரர் எல்லோரையும் கேட்டார். எல்லோரும் கையை உயர்த்திப் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். தெய்வம் ஒரு கையால் வாசித்து மறு கையால் கும்பிடு போட்டுக்கொண்டிருந்தது. ஹாரன்காரர் திட்டுவதை நிறுத்திவிட்டார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. இருபது வருஷத்துக்கும் மேலாக அந்தக் கித்தாரை நம்பியவர். முகம் சுண்டிப்போய், சட்டைப் பித்தானைத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நாலாவது பாட்டின் நடுவில் ஜெனரேட்டர் நின்றது.

கித்தார் செத்தது. மைக் செத்தது. பாடகர் வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தார். மூன்று பெரிய மேஸ்திரிகளும் கையை விரித்துவிட்டுத் தண்ணீர் குடிக்க மேடைக்குப் பின்னால் போய்விட்டார்கள். டிரம்ஸுக்குக் கரண்ட் தேவையில்லை. அந்தப் பெண் ஒருமுறை சுற்றிலும் பார்த்தாள். அப்புறம் நிறுத்தாமல் அடிக்க ஆரம்பித்தாள்.

அவ்வளவு பெரிய மைதானத்தில் மைக் இல்லாமல் அது சின்னச் சத்தம்தான். ஆனால் ஹாரன்காரரின் கை சட்டைப் பித்தானை விட்டது. சட்டென்று எழுந்து ஜெனரேட்டர் இருந்த மூலைக்கு ஓடினார். அண்ணியும் நானும் பின்னால் ஓடினோம்.

ஜெனரேட்டர் கொண்டுவந்த ஆளைக் காணோம், சாப்பிடப் போயிருந்தார். விழாப் பொறுப்பாளரான பேராசிரியர் தலையில் கைவைத்து நின்றிருந்தார். ஹாரன்காரர் குனிந்து பார்த்தார்.

"வயரு ஒண்ணு கழண்டு கெடக்குதுங்க."

"உங்களுக்குச் சரி பண்ணத் தெரியுமா?"

"தெரியுங்க."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"ரெண்டு நிமிசங்க."

"அப்ப உடனே பண்ணுங்க சார்!"

"மாட்டேனுங்க."

பேராசிரியருக்குக் காது அடைத்துவிட்டது. ஹாரன்காரர் ஜெனரேட்டரின் முன்னால் மண்ணில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "அந்தப் புள்ள அடிச்சு முடிக்கட்டுங்க. மத்தியானத்துல இருந்து இந்த மைதானத்துல நடந்த ஒரே உருப்படியான வேலை அது. நீங்க மிஷினப் போட்டீங்கன்னா அவனுங்க திரும்பி வந்து கெடுத்துருவானுங்க."

கெஞ்சினார்கள், மிரட்டினார்கள். சோபாவிலிருந்து ஒரு பிரமுகர் எழுந்து வந்து தான் யார் தெரியுமா என்று கேட்டார். "தெரியாதுங்க. உக்காந்து கேளுங்க, நல்லாருக்கும்" என்று பதில் வந்தது. பிள்ளைகள் கூடிக் கத்தினார்கள். பாதிப் பேர் போனை எங்கள் பக்கம் திருப்பினார்கள். அண்ணி குனிந்து அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"எந்திரிங்க. ஊரே பாக்குது. மானம் போவுது."

"கேளு."

"என்னத்தக் கேக்கறது?"

"பஞ்ச எடுத்துட்டுக் கேளு."

அண்ணி காதிலிருந்து பஞ்சை எடுத்தார். கொஞ்ச நேரம் நின்றபடி கேட்டார். அப்புறம் சேலையைச் செருகிக்கொண்டு அவர் பக்கத்தில் தானும் உட்கார்ந்துவிட்டார்.

அதற்குள் மேடைக்கு அருகில் நின்ற பிள்ளைகள் அடங்கியிருந்தார்கள். அமைதி முன்னாலிருந்து பின்னால் பரவியது. மழை ஓட்டுக்கூரை மேல் பிடிக்கிற மாதிரி ஒரு சத்தம், பிறகு அதையே உடைத்து வேறு ஒன்று, பிறகு ஒரே ஒரு தட்டு மட்டும். எட்டு நிமிஷம் இருக்கும். கடைசியில் குச்சியைத் தூக்கிப் பிடித்து நிறுத்தினாள். அங்கே எழுந்த கைதட்டலில் மூங்கில் தடுப்பு ஒன்று சாய்ந்தது.

ஹாரன்காரர் எழுந்தார், மண்ணைத் தட்டினார், வயரை மாட்டினார். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

நன்றி சொல்வார்கள் என்று எதிர்பார்த்தேன். மூன்று செக்யூரிட்டிகள் வந்து எங்கள் மூவரையும் வெளியே அழைத்துப்போய், கேட்டருகே இருந்த காவலர் அறையில் உட்காரவைத்தார்கள். ஜெனரேட்டரைச் சரி செய்தவரை உள்ளே விடமாட்டார்களாம், கழன்றுபோகிற மாதிரி வயரை மாட்டியவர் உள்ளே பிரியாணி சாப்பிடுவாராம்! நான் கத்தினேன். வாழ்க்கையில் முதல் முறையாக அவரைவிட அதிகமாக நான் கத்தினேன். அவர் என் கையை அமுக்கினார்.

"சத்தம் போடாதீங்க. இப்பத்தான் வாசிக்கறான்."

ஆமாம். உள்ளே கித்தார் ஒலித்தது. அதற்கு முன் கேட்ட கித்தார் இல்லை அது. அந்தப் பெண் அடித்ததைக் கேட்டுக் கித்தார்காரர் வெட்கப்பட்டாரோ, ரோஷப்பட்டாரோ, தெரியாது. இரண்டு கையாலும் வாசித்தார். ஹாரன்காரர் வருகைப் பதிவேட்டின் மேல் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். அவர் இத்தனை வருஷம் காத்திருந்த பாட்டை, ஜன்னல் இல்லாத அறையில், 'வெளியாட்கள் அமரக்கூடாது' என்று எழுதிய பெஞ்சில் உட்கார்ந்து கேட்டார். இதற்கு யார் மேல் வழக்குப் போடுவது?

பொழுது சாய்வதற்குள் எல்லாம் முடிந்தது. கலைஞர்களின் வேன் கேட்டைத் தாண்டும்போது நின்றது. அந்தப் பெண் இறங்கினாள். விரல்களில் பிளாஸ்திரி. ஜெனரேட்டர் முன்னால் உட்கார்ந்தவர் யார் என்று பெங்களூர்த் தமிழில் கேட்டாள். காவலர் கை காட்டினார்.

நாலு நிமிஷம் மூச்சுவிடாமல் திட்டக்கூடிய ஹாரன்காரர், சட்டைப் பித்தானைத் திருகிக்கொண்டு நின்றார். கடைசியில் ஒரு வழியாக வாய் திறந்தது.

"நெம்ப நல்லா அடிச்ச, சாமி. நடுவுல ஒருக்கா வேகம் கூடிப்போச்சு."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவள் சிரித்துவிட்டாள்.

"ஆமா அங்கிள், பயத்துல வேகமா ஓடிட்டேன். யாருக்கும் தெரியலைன்னு நெனச்சேன்."

"தெரிஞ்சுதுங்க. அப்பறமேலு நீயே வேகத்தப் புடிச்சு நிறுத்துன பாத்தியா, அதுதான் வேல."

அவள் கையிலிருந்த குச்சிகளை நீட்டினாள். அவர் வாங்கவில்லை. "உனக்கு வேணும், வெச்சுக்க" என்று அதட்டி அனுப்பினார். வேன் போன பிறகு அண்ணி சொன்னார்: "அந்தப் புள்ளைக்கு அந்த முறுக்கயாவது குடுத்திருக்கலாம்."

வீடு வந்து போனைத் திறந்தேன். வாட்ஸ்அப் குழுவில் ஒரே ரகளை. கச்சேரி எப்படி இருந்தது என்று ஒருவன்கூட எழுதவில்லை. ஜெனரேட்டர் முன்னால் அவர் உட்கார்ந்திருக்கிற படத்தைப் போட்டு, 'யாருடா இந்த லூசு? ஒரு மணி நேரம் கச்சேரியைக் கெடுத்துட்டான்' என்று வரிசையாகச் சிரிப்பு பொம்மைகள். ஒரு மணி நேரமாம்! நாலு நிமிஷத் திட்டுகளை அனுப்புகிற குரலுக்குச் சொந்தக்காரர்தான் அந்தப் படத்தில் இருப்பவர் என்று அவர்களுக்குத் தெரியாது.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு நீளமாக எழுதினேன். நீங்கள் ரசிகர்களா, அந்தப் பெண்ணின் டிரம்ஸை உங்கள் போனாவது கேட்டதா என்றெல்லாம் கேட்டேன். படித்துப் பார்த்தேன், அழித்தேன். மறுபடி எழுதினேன், மறுபடி அழித்தேன். கடைசியில் ஒரே ஒரு வரி எழுதி அனுப்பிவிட்டுப் படுத்தேன்.

'அவர் எங்க அண்ணன். ஏதாவது சொல்றதுன்னா எங்கிட்டச் சொல்லுங்க.'