காணாமற்போன கிளட்ச் பெடல்

கள்ளக்குறிச்சியில் மாட்சிமை பொருந்திய ஓர் அரசு அலுவலகம் இருந்தது. காலத்துக்கேற்ற நாகரிகம் வேண்டும் என்று, தானே கியர் மாற்றிக்கொள்ளும் கார் ஒன்றை அதற்கு வாங்கினார்கள். ஓட்டுநர் கொளஞ்சியப்பன் பூரித்துப்போனார். கல்வராயன் மலை வளைவுகளில் இனி கிளட்ச் மிதிக்கும் இடது காலுக்கு வேலையே இல்லை!

மூன்றாம் வருடம் கார் முரண்டு பிடித்தது. கியர் நெம்புகோலை ஓட்டத்துக்கான ‘டி’க்குத் தள்ளினால் நாலு எண்ணும் வரை சும்மா நிற்கும். பிறகு ‘தடக்’கென்று உதறிக்கொண்டு கிளம்பும்.

மெக்கானிக் முகம்மது கவுஸ், இன்ஜின் சூடேறி ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆயில் அளக்கும் குச்சியை உருவிப் பார்த்தார்.

“கியர் ஆயில் கம்மிப்பா. ஆயில் அழுத்தம் இருந்தாத்தான் கியர் புடிக்கும். சீல் ஒழுவுது. மாத்தி, ஆயில் ஊத்தினா சரியாப்பூடும்.”

“அதுக்கு ஆபீஸ் உத்தரவு வேணும் பாய்.”

உத்தரவு தருவதற்கு முன் ஆய்வு செய்யக் கண்காணிப்பாளர் சுப்புராயன் வந்தார். கையில் நாற்பது வருடப் பழைய படிவம். முதல் கேள்வி: ‘கிளட்ச் பெடலின் நிலை யாது?’ குனிந்து பார்த்தார். டார்ச் அடித்தும் பார்த்தார்.

“ரெண்டு பெடல்தான் இருக்கு. மூணாவது எங்க?”

“இந்த வண்டிக்கு அது கெடையாதுங்க சார்.”

“கெடையாதா, வித்துட்டியா?”

“கம்பெனியே வைக்கலீங்க.”

“வைக்காத பெடலுக்கு அரசாங்கம் படிவத்துல எதுக்குய்யா எடம் வைக்குது?”

மறுநாள் கொளஞ்சியப்பனுக்குக் குறிப்பாணை வந்தது: ‘தங்கள் பொறுப்பிலிருந்த கிளட்ச் பெடல் ஒன்று (1) காணப்படவில்லை. வாகனத்தின் தாமதத்துக்கும் அதுவே காரணம் எனக் கருதப்படுகிறது. ஏழு நாட்களுக்குள் ஒப்படைக்காவிடில் பணிநீக்கம் செய்யப்படுவீர்.’

படித்துவிட்டு கவுஸ் விழுந்து விழுந்து சிரித்தார்.

“இன்னா பாய் சிரிச்சிக்கினு இருக்க? எனக்கு வேலை பூடும்!”

“பெடல்தானே கேட்டாரு? குடுத்துடலாம்.”

பழைய லாரியின் பெடல் ஒன்றைக் காரின் தரையில் வெல்டிங் வைத்தார் கவுஸ். அடியில் ஒரு ஸ்பிரிங். வேறு எந்த உறுப்போடும் அதற்கு உறவில்லை.

வெள்ளிமலைச் சாலையில் மறு ஆய்வு நடந்தது. சுப்புராயன் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து ஆணையிட்டார்.

“கிளட்சை மிதி. ‘டி’ போடு. இப்ப மெதுவா விடு. நிதானம்யா, நிதானம்! ம், பிரேக்கை எடு.”

கிளட்சை நிதானமாக விட்டு முடிப்பதற்குள் நாலு எண்ணும் நேரம் ஓடியிருந்தது. கார் வழுக்கிக்கொண்டு கிளம்பியது.

“பாத்தியா? துளி தாமதம் இல்ல!” என்றார் சுப்புராயன்.

குறிப்பாணை ரத்தானது. பெடலை மீட்டதற்காக ஓட்டுநருக்குப் பாராட்டுச் சான்றிதழும் வந்தது. ஆயில் கேட்ட கோரிக்கை மட்டும், ‘தேவையற்றது’ என்று அடிக்கப்பட்டது.

கொளஞ்சியப்பனுக்கு மனம் கேட்கவில்லை. சீலும் ஆயிலும் தாமே வாங்கிக்கொண்டு பட்டறைக்குப் போனார். வாசலில் சங்கராபுரத்து ஜவுளிக்கடைக்காரர், தியாகதுருகத்து டாக்டர் என்று அதே மாதிரிக் கார் வைத்திருப்பவர்கள் வரிசையில் நின்றார்கள்.

“பாய், ஆயில் ஊத்தணும்.”

“ஆயிலா? பெடல் வைக்கவே நேரம் பத்தல. அடுத்த வாரம் வா.”

“அது ஒண்ணுமே செய்யாதுன்னு இவங்ககிட்ட சொல்லலியா?”

“சொல்லாம இருப்பனா? ‘கவர்மென்ட் வண்டியில இருக்குதா’ன்னு கேட்டாங்க. இருக்குதுன்னேன். ‘அப்ப பக்கத்து சீட்டுக்கும் ஒண்ணு வைங்க’ன்றாங்க!”