சாம்பல் பார்த்த மயில்கழுத்து

பெரிய காஞ்சிபுரத்தில் தாலி கட்டுவது வேண்டுமானால் மாப்பிள்ளையாக இருக்கலாம். அந்த நேரத்தில் பெண்ணின் புடவை என்ன நிறம் என்று முடிவு செய்பவர் சாம்பல்தான். அவர் இன்னும் முடிவு சொல்லாததால், கல்யாணமாகி மூன்று மாதமாகியும் தன் புடவை அரக்கா குங்குமமா என்று தெரியாமல் குடும்பம் நடத்தும் பெண்கள் எங்கள் ஊரில் உண்டு.

கல்யாண வீடியோவுக்கு நிறம் திருத்துவது அவர் வேலை. கேமராவிலிருந்து வரும்போது படம் கஞ்சித் தண்ணீர் போல வெளுத்துக் கிடக்கும். நிறம் ஏற்ற வசதியாக வேண்டுமென்றே அப்படி எடுப்பார்களாம். கம்ப்யூட்டரில் மூன்று வட்டங்கள் இருக்கும்: இருட்டுக்கு ஒன்று, வெளிச்சத்துக்கு ஒன்று, நடுவில் உள்ளதற்கு ஒன்று. அவற்றை மயிரிழை அளவு நகர்த்திவிட்டு, கண்ணை மூடி, திறந்து, மறுபடி நகர்த்துவார். அறையில் சுவர், திரைச்சீலை, நாற்காலி, அவர் சட்டை எல்லாமே சாம்பல் நிறம். பக்கத்தில் வேறு நிறம் இருந்தால் கண் ஏமாந்துவிடுமாம். அதனால்தான் அந்தப் பெயர். சொந்தப் பெயர் அவருக்கே நினைவிருக்குமா என்பது சந்தேகம்.

படம் பார்க்க வருகிறவர்களும் ஆணியில் தொங்கும் பழைய சாம்பல் சட்டையை மாட்டிக்கொண்டுதான் உட்கார வேண்டும். ஒருமுறை பெண்ணின் தாய்மாமன் சிவப்புச் சட்டையில் வந்து மறுத்துவிட்டார். சாம்பல் திரையை அணைத்துவிட்டுச் சொன்னார்: "உங்க சட்டை பொண்ணு கன்னத்துல வந்து ஒக்காந்துக்கினு இருக்குது. அத மொதல்ல எறக்குங்க." பெருத்த உடம்புக்காரரான மாமன் கடைசியில் அந்தச் சட்டையை முன்பக்கம் ஏப்ரன் போலக் கட்டிக்கொண்டு முழுக் கல்யாணத்தையும் பார்த்தார்.

வேலை நாளில் அவருக்குத் தயிர்சாதம்தான். சாம்பாரைப் பார்த்துவிட்டு வந்தால் அரைமணி நேரத்துக்கு மஞ்சள் நம்பிக்கைக்கு உரியதல்ல என்பார். மாப்பிள்ளையை இன்னும் கொஞ்சம் வெள்ளையாக்கச் சொல்லிக் கேட்டவர்களுக்கு ஒரே பதில்: "நான் கலர் பாக்கறவன்பா. சுண்ணாம்பு அடிக்கிறவன் வேற தெருவுல கீறாரு." அவர் நிறத்தில் குறை சொன்ன ஒருவரிடம், வெளுத்த படத்தை அப்படியே திருப்பிக் கொடுத்து அனுப்பியும் இருக்கிறார்.

இப்படிப்பட்ட மனிதரிடம்தான் என் மகள் கல்யாண வீடியோ போனது.

நான் தறி நெய்கிறவன். அவள் முகூர்த்தப் புடவையை நானே நெய்தேன். மயில்கழுத்து நிறம். நீளவாட்டில் ஓடும் பாவு நீலம், குறுக்கே ஓடும் ஊடை பச்சை. இந்தப் பக்கம் நின்று பார்த்தால் நீலம், அந்தப் பக்கம் போனால் பச்சை, அவள் நடந்தால் இரண்டும் ஓடும். அதற்காகவே பச்சையை நான்கு முறை சாயம் மாற்றிப் போட்டேன்.

எட்டாம் நாள் சாம்பல் எங்களைக் கூப்பிட்டார். நானும் மனைவியும் சாம்பல் சட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தோம். படம் ஓடியது. மனைவி பூரித்துப்போனாள். மூன்று கேமராவிலும் புடவை ஒரே நிறம் என்று சாம்பல் பெருமையாகச் சொன்னார். உண்மைதான். முதலிலிருந்து கடைசிவரை ஒரே நீலம். பள்ளிக்கூடச் சீருடை போன்ற நீலம்.

நான் நாலு பேர் நடுவில் பேசுகிற ஆள் இல்லை. பேருந்தில் டிக்கெட் கேட்கவே மனைவியைத்தான் பார்ப்பேன். ஆனால் வாயை மூடிக்கொண்டு எழுந்தால், என் மகள் காலமெல்லாம் எடுத்துப் பார்க்கப்போவது நான் நெய்யாத புடவையை. பேரப் பிள்ளைகளும் அதைத்தான் பார்ப்பார்கள்.

"பச்ச எங்கண்ணா?" என்றேன்.

சாம்பல் திரும்பினார். "எந்தப் பச்ச?"

"ஊடையில கீது."

"மூணு கேமராவும் மூணு விதமா எடுத்துக்கினு வந்துட்டானுங்க. அத ஒண்ணாக்கத்தான் எட்டு நாளு ஆச்சு எனக்கு."

"கேமரா சரியாத்தாண்ணா எடுத்துருக்குது. பொடவயே அப்படித்தான்."

என் வாழ்க்கையிலேயே நான் பேசிய மிக நீளமான பேச்சு அது. சாம்பல் திரையை அணைத்தார். வீடு வரும்வரை மனைவி விடவில்லை. இருபத்தைந்து வருடமாகக் கடைக்காரரிடம் அழுகின தக்காளியைக்கூட மாற்றிக் கேட்காத மனுஷன், பேசுவதற்கு இந்த ஆளைத்தான் பொறுக்கி எடுத்தாரா என்று கேட்டாள்.

மறுநாள் காலை வாசலில் சாம்பல் நின்றார். புடவையைக் கேட்டார். மறுவீட்டுக்கு வந்த மகள் அதை எங்கள் பீரோவில்தான் வைத்திருந்தாள். எடுத்துக் கொடுத்தேன். அவர் அதை என் தோளிலேயே போட்டு, என்னைத் தெருவில் இறக்கிவிட்டார்.

"நடப்பா. வேகமா நடக்காத, மணப்பொண்ணு மாதிரி மெதுவா. இப்ப திரும்பு."

காலை வெயிலில், முகூர்த்தப் புடவையைப் போர்த்திக்கொண்டு, தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நான்கு முறை நடந்தேன். தறிச் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. எதிர்வீட்டுக்காரர் வெளியே வந்து, "இன்னாண்ணா, மாப்ள எந்த ஊரு?" என்று விசாரித்தார். நான் தலைகுனிந்தே நடந்தேன். அதுவும் மணப்பெண்ணுக்குப் பொருத்தமாகவே இருந்ததாகப் பிறகு சொன்னார்கள்.

சாம்பல் மட்டும் சிரிக்கவில்லை. தெருவில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, புடவை நீலத்திலிருந்து பச்சைக்குப் போவதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்லச் சொன்னார்: "எட்டு நாளா மயிலப் புடிச்சு சாயம் பூசிக்கினு இருந்துருக்கேன்பா."

எல்லாவற்றையும் அழித்துவிட்டு, வெளுத்த படத்திலிருந்து மறுபடி தொடங்கினார். பன்னிரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டார். தாலிக்காக என் மகள் தலை குனிகிறாள். தோளில் நீலம் மடிந்து பச்சையாக ஓடி, அவள் நிமிரும்போது மறுபடி நீலமாகிறது. தறியில் உட்கார்ந்து நான் என்ன நினைத்து நெய்தேனோ, அது அப்படியே திரையில் இருந்தது. மனைவி என் கையைக் கிள்ளினாள். பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

இப்போதெல்லாம் இரட்டை நிறப் புடவை வந்தால் சாம்பல் ஆள் அனுப்பிவிடுவார். நான் போய்ப் பக்கத்தில் உட்காருவேன். பாவு எது, ஊடை எது என்று கேட்பார், சொல்வேன். வேறு பேச்சு கிடையாது.

முதல்முறை அப்படிப் போனபோது, வழக்கம்போல ஆணியில் தொங்கிய பழைய சட்டையை எடுக்கப் போனேன். "அது வர்றவங்களுக்கு" என்று தடுத்துவிட்டுப் பக்கத்து ஆணியைக் காட்டினார். அதில் ஒரு புதுச் சாம்பல் சட்டை தொங்கியது. போட்டுப் பார்த்தேன். யாரும் என்னை அளவெடுத்த ஞாபகம் இல்லை. ஆனால் தோள் முதல் மணிக்கட்டு வரை, என் அளவுக்கே தைத்திருந்தது.