கோணல் அறையில் மாப்பிள்ளை பார்த்தேன்

அக்காவின் சமூகத்துக்குத் தம்பி பணிவோடு எழுதிக்கொள்வது.

இங்கு நானும் உன் தம்பி பெண்டாட்டியும் மகளும் சுகம். என் கழுத்து மட்டும் ஒரு பக்கமாகப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அத்தானின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இதைப் படிக்கும்போது தயவுசெய்து உட்கார்ந்துகொள். கையில் எதையும் வைத்துக்கொள்ளாதே, எறிந்துவிடுவாய்.

விஷயம் உனக்குத் தெரிந்ததுதான். கட்டினால் அவனைத்தான் கட்டுவேன் என்று மகள் ஒற்றைக் காலில் நிற்கிறாள். பையன் அவள் காது வரைக்கும்தான் வருவான். நான் அவனுக்கு வைத்த பெயர் முக்கால். காலமெல்லாம் பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்து, குட்டையை முன்னால், நெட்டையைப் பின்னால் என்று பிள்ளைகளை நிறுத்தியே பழகிய கண் எனக்கு. இந்த ஜோடியைப் பார்த்தாலே விசில் ஊதத் தோன்றும். "என் அக்கா இதுக்குச் சம்மதிக்கவே மாட்டா" என்று உன் தலையில் பழியைப் போட்டே இத்தனை நாள் ஓட்டினேன். கடைசியில் அவள், "அப்பா, அவர் வேலை செய்யிற இடத்தை ஒரு தடவை வந்து பாருங்க. அதுக்கப்புறமும் வேண்டாம்னா நான் வாயே திறக்கல" என்றாள். இவளாவது, வாய் திறக்காமல் இருப்பதாவது! அதையும்தான் பார்த்துவிடுவோமே என்று வீட்டுக்காரியையும் கூட்டிக்கொண்டு மகளோடு கிளம்பிவிட்டேன்.

அது கண்ணை ஏமாற்றும் காட்சிக்கூடம், அக்கா. எதை வேண்டுமானாலும் தொடலாம், ஏறலாம், உள்ளே போய் நிற்கலாம். அங்கே அறைகளைப் பராமரிப்பதுதான் முக்காலின் வேலை. முதலில் ஒரு பாலம். அதைச் சுற்றிப் பீப்பாய் மாதிரி சுவர், அதில் மினுக் மினுக்கென்று விளக்குகள். கால் வைத்தேனோ இல்லையோ, "ஐயோ பாலம் கவிழுது, நிறுத்துங்க!" என்று அலறிவிட்டேன். "பாலம் அசையவே இல்ல சார், சுவருதான் சுத்துது. கண்ணை மூடிட்டு நடங்க" என்றான். மூடினால் சும்மா தரை. திறந்தால் உலகமே புரள்கிறது! எதையோ இறுகப் பிடித்துக்கொண்டு அக்கரை சேர்ந்தேன். பார்த்தால் அது முக்காலின் சட்டைக் காலர், பொத்தான் ஒன்று என் கையோடு வந்திருந்தது. அடுத்து ஒரு முகம். உள்பக்கமாகக் குழித்துச் செய்ததாம், ஆனால் புடைத்துக்கொண்டு தெரிகிறது, நான் நகர நகரத் திரும்பி என்னையே பார்க்கிறது. விடுவேனா? "லெஃப்ட் டர்ன்! ரைட் டர்ன்!" என்று அதற்கு டிரில் எடுத்தேன். அது ஒழுங்காகத் திரும்பியது, என் கழுத்துதான் பிசகிவிட்டது.

பிறகுதான் அந்தக் கோணல் அறை. சுவரில் ஒரு ஓட்டை, வெளியே நின்று அதன் வழியாகப் பார்க்க வேண்டும். பார்த்தேன். முக்கால் ஒரு மூலையில் கூரையை முட்டிக்கொண்டு நிற்கிறான்! எதிர் மூலையில் நம் பெண், அவன் இடுப்பு உயரம்கூட இல்லை! இருவரும் இடம் மாறி நடந்தார்கள். நடக்க நடக்க அவன் சுருங்குகிறான், இவள் வளர்கிறாள். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. வரிசை, ஒழுங்கு எல்லாம் மறந்து, "இன்னொரு தடவை, இன்னொரு தடவை!" என்று சின்னப்பிள்ளை மாதிரி குதித்தேன்.

அப்புறம் நானே உள்ளே போனேன். தரை சரிவு, கூரை சரிவு, ஒரு மூலை எங்கேயோ தூரத்தில். "வழுக்கும் சார், என் தோளைப் பிடிச்சுக்குங்க" என்றான். பிடித்துக்கொண்டு ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு நடந்தேன். வெளியே என் வீட்டுக்காரி, "ஐயையோ, ரெண்டு பேரும் பொடிப்பசங்களா ஆயிட்டீங்க!" என்று விழுந்து விழுந்து சிரிக்கிறாள். ஆனால் அக்கா, உள்ளே எதுவுமே மாறவில்லை. அந்தத் தோள் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை, என் கைக்கு வாகாக அங்கேயே இருந்தது. யார் என்ன சொல்வார்களோ, நீ என்ன சொல்வாயோ என்று இத்தனை நாளும் நான் ஓட்டை வழியாகவே பார்த்திருக்கிறேன். கண் கலங்கிவிட்டது. "மெதுவாப் போங்க மாப்பிள்ளை" என்று வாயில் வந்துவிட்டது. வெளியே மகள் போட்ட கூச்சலில் காவலாளி ஓடி வந்தார்.

ஆகவே, உன்னைக் கேட்காமலேயே முடிவு செய்துவிட்டேன். மாப்பிள்ளை அவர்தான். திட்டுவதென்றால் என்னைத் திட்டு, சின்னஞ்சிறுசுகளை வாழ்த்து. அத்தானுக்கு என் வணக்கம், உன் பேரப்பிள்ளைகளுக்கு முத்தங்கள்.

என்றும் உன் சொல் தட்டாத (இந்த ஒரு முறை தவிர),
தம்பி

பின்குறிப்பு: உறையில் போடும் முன் மகள் இதை வாங்கிப் படித்தாள். சிரித்தாள், பிறகு அழுதாள், பிறகு உண்மையைச் சொன்னாள். போன மாதமே பதிவுத் திருமணம் முடிந்துவிட்டதாம். சாட்சிக் கையெழுத்துப் போட்டது என் பெண்டாட்டியும் நீயுமாம்! "அப்பா தானா மனசு மாறட்டும், அதுவரைக்கும் மூச்சு விடாதீங்கன்னு அத்தைதான் சொன்னாங்க" என்றாள். நல்லா இருக்கு அக்கா, ரொம்ப நல்லா இருக்கு! கோபமாகக் கல்யாணப் போட்டோவைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். உனக்கும் என் பெண்டாட்டிக்கும் நடுவில் ஓர் ஆள் நிற்கும் அளவு இடைவெளி. "ஏன் இப்படித் தள்ளித் தள்ளி நிக்கிறீங்க?" என்றேன். "அது உங்க இடம்ப்பா" என்றாள். ஞாயிற்றுக்கிழமை புறப்பட்டு வா. இன்னொரு போட்டோ எடுப்போம், என் இடத்தில் வந்து நிற்கிறேன்.